கார்னோ இன்ஜின் ஏன் கடையில் கிடைக்காது?

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் மக்களே... ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு ‘டீசல் சைக்கிள்’னு நினைச்சுப் பாருங்க. என்ன தெரியுது? புகை கக்குற லாரியா? சத்தியமா இல்லை. நாலு கோடு போட்ட ஒரு படம்தான் தெரியும். இடது பக்கம் சர்ருனு மேலே ஏறுற ஒரு வளைவு, உச்சியில் ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரு படுக்கைக் கோடு, வலது பக்கம் சறுக்கி இறங்குற இன்னொரு வளைவு, கடைசியில் செங்குத்தா ஒரு விழுதல். 1, 2, 3, 4னு நம்பர் போட்டு, அம்புக்குறி வெச்சு, கீழே ‘பி-வி டயகிராம்’னு எழுதி அடிக்கோடு போட்டா மார்க் நிச்சயம்.

(மத்த டிபார்ட்மென்ட் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உங்க பைக்குக்கு பெட்ரோல் போடுறது நீங்கதானே? இது உங்க பர்ஸ் சமாச்சாரமும்தான்!)

அந்தப் படத்துக்கு ஒரு ஃபார்முலா உண்டு. காத்தை எத்தனை மடங்கு அமுக்குறோம், எவ்வளவு நேரம் சூடு கொடுக்குறோம்னு ரெண்டு எண்ணைப் போட்டா எஃபிஷியன்சி வந்து விழும். நம்ம ஊர் தெர்மல் லேப்களில் பச்சை பெயின்ட் அடிச்சு நிக்குமே, 5 ஹெச்.பி. சிங்கிள் சிலிண்டர் டீசல் இன்ஜின்... அதோட கம்ப்ரெஷன் ரேஷியோ 17.5. கட்-ஆஃப் ரேஷியோவை 2னு வெச்சுக்கிட்டுப் போட்டுப் பாருங்க. 62.7 சதவீதம் வரும். நூறு ரூபாய்க்கு டீசல் ஊத்தினா கிட்டத்தட்ட 63 ரூபாய்க்கு வேலை நடக்கும்னு அர்த்தம்.

இப்போ அதே இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க. கயிறு பிரேக்கில் எடையை ஏத்துங்க. 10 சி.சி. டீசல் தீர எத்தனை விநாடி ஆகுதுன்னு ஸ்டாப் வாட்ச்ல பாருங்க. ஃபுல் லோடில் 27 விநாடி. கணக்குப் போட்டா எஃபிஷியன்சி 28 சதவீதம்.

62.7 எங்கே... 28 எங்கே? நடுவுல இருந்த முப்பத்தஞ்சு ரூபாயை யார் சாப்பிட்டது?

ரெண்டாம் வருஷம் படிக்கும்போது எங்க பேட்ச் மொத்தமும் இந்தக் கேள்வியை ‘லாஸஸ்’ங்கிற ஒரே வார்த்தையால் மூடிட்டுப் போயிடும். ரெக்கார்டு நோட்டில் ஹீட் பேலன்ஸ் ஷீட்னு ஒண்ணு போடணும். வேலையா மாறினது 28, கூலிங் வாட்டர் கொண்டுபோனது 30, புகையோட போனது 28... கூட்டினா 100 வராது. மிச்சம் 14ஐ ‘கணக்கில் வராதவை’ன்னு ஒரு வரியில் எழுதி கையெழுத்து வாங்கிடுவோம். ஹாஸ்டல் மெஸ் பில்லில்கூட இவ்வளவு பெரிய ‘இதர செலவு’ பார்த்ததில்லை!

ஆனா எனக்கு அந்த லேபிலேயே ரொம்பப் பிடிச்சது இன்ஜின் ஓடுற எக்ஸ்பெரிமென்ட் இல்லை. ஓடாத இன்ஜின். பாதியா அறுத்து, உள்ளே இருக்கிறதெல்லாம் தெரியுற மாதிரி வெச்சிருப்பாங்களே, கட் மாடல்... அதில் வால்வ் டைமிங் பார்க்கிற எக்ஸ்பெரிமென்ட். ஃப்ளைவீலைக் கையால் மெதுவா சுத்தணும். வால்வ் எப்போ திறக்குது, எப்போ மூடுதுன்னு சாக்பீஸால் குறிக்கணும். நூலை ஃப்ளைவீல் மேல சுத்தி அளந்து அதை டிகிரியா மாத்தணும்.

புத்தகத்துப் படத்தில் பிஸ்டன் அடியைத் தொட்டதும் இன்லெட் வால்வ் ‘டப்’னு மூடிடும். நிஜ இன்ஜினில்? பிஸ்டன் அடியைத் தொட்டு மறுபடி மேலே ஏற ஆரம்பிச்சு, ஃப்ளைவீல் இன்னும் 35 டிகிரி திரும்பின பிறகுதான் மூடுது. எக்ஸாஸ்ட் வால்வ் அதைவிட அவசரக்குடுக்கை. பிஸ்டன் இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே, அடியைத் தொட 35 டிகிரி இருக்கும்போதே திறந்துடுது. டீசல் பீச்சுறதோ, பிஸ்டன் உச்சிக்கு வர 23 டிகிரி முன்னாடியே!

ஏன் இந்த அவசரம், ஏன் இந்தத் தாமதம்? காரணம் ஒரே ஒரு விஷயம். நேரம். இந்த இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துது. ஒரு சுத்துக்கு 40 மில்லி செகண்ட். அதில் 23 டிகிரின்னா சுமார் இரண்டரை மில்லி செகண்ட். அதுக்குள்ள டீசல் பொடிப் பொடியா தெறிச்சு, ஆவியாகி, காத்தோட கலந்து, பத்திக்கணும். பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு பீச்சினா, அது பத்தி எரியும்போது பிஸ்டன் பாதி தூரம் கீழே போயிருக்கும். காத்துக்கும் எடை இருக்கு. ஓடி வர்ற வேகத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே திணிச்சுக்கும், அதான் லேட்டா மூடுறாங்க. புகைக்கும் வெளியே போக நேரம் வேணும், அதான் சீக்கிரம் திறந்து விடுறாங்க. புத்தகத்துப் படத்தில் இருக்கிற கூர்மையான மூலை ஒவ்வொண்ணும் ‘இது நடக்க நேரமே ஆகாது’ங்கிற பொய்தான். பிஸ்டன் நின்னு காத்திருந்தா மூலை கூர்மையா இருக்கும். பிஸ்டன் நிக்காது சாமி!

மத்த பொய்களும் உண்டு. ‘சிலிண்டருக்குள்ளே இருப்பது வெறும் காற்று, எதுவும் எரியவில்லை, சூடு வெளியிலிருந்து வருகிறது, சுவர் வழியே ஒரு துளி வெப்பமும் போகாது, உராய்வே கிடையாது.’ கல்யாணத் தரகர் மாப்பிள்ளையைப் பத்திச் சொல்ற மாதிரியே இருக்கில்ல?

ஆனா ஒண்ணு. இந்தப் பொய்களை ஒவ்வொண்ணா கழட்டிப் பார்த்தா, காணாமப்போன முப்பத்தஞ்சு ரூபாய்க்கும் முகவரி கிடைச்சிடும். முதல்ல ‘வெறும் காற்று’. குளிர்ந்த காத்துக்கு காமா 1.4. ரெண்டாயிரம் டிகிரியில் கொதிக்கிற வாயுவுக்கு அது குறையும். ஏன்னா கொடுக்குற சூட்டில் ஒரு பங்கை மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே அதிர்ந்து ஆடுறதுக்கு எடுத்துக்குது, பிஸ்டனைத் தள்ளுறதுக்கு வர்றதில்லை. அதே ஃபார்முலாவில் 1.4க்குப் பதிலா 1.3 போட்டுப் பாருங்க. 62.7 அப்படியே 52.3க்கு இறங்கிடும். ஒரு போல்ட்டைக்கூடத் தொடலை, பத்து ரூபாய் போயாச்சு! இது எந்த மெக்கானிக்கோட தப்பும் இல்லை, இயற்கை வெச்ச கட்டணம். அடுத்து, சுவர் வழியா போற சூடு, எரிய எடுக்குற நேரம், முன்கூட்டியே திறக்குற வால்வ் எல்லாம் சேர்ந்து அதை 36 பக்கம் கொண்டு வந்துடும். கடைசியா உராய்வு. லேபில் வில்லன்ஸ் லைன்னு ஒண்ணு போடுவோமே (பேரைக் கேட்டதும் எங்க பேட்ச் வில்லன் நடிகர்கள் லிஸ்ட்டே போட்டுச்சு), அந்தக் கோட்டைப் பின்னாடி நீட்டினா, இந்த இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கிறதுக்கு மட்டும் சுமார் ஒரு கிலோவாட் செலவாகுதுன்னு காட்டும். வெளியே கிடைக்கிறது 3.7 கிலோவாட். 36ல் அந்தப் பங்கைக் கழிச்சா... 28. கணக்கு டேலி!

இதில் ஒரு வேடிக்கை. நாம ஐடியல் படம்தான் முதல்ல பொறந்தது, நிஜ இன்ஜின் அதைப் பார்த்து காப்பி அடிச்சு ஃபெயில் ஆயிடுச்சுன்னு நினைக்கிறோம். வரலாறு தலைகீழ். முதல் பி-வி படத்தை வரைஞ்சது ஒரு நிஜ இன்ஜினே. ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன், 1796 வாக்கில், நீராவி சிலிண்டரில் ஒரு பென்சிலையும் நகரும் பலகையையும் மாட்டினார். அழுத்தம் ஏற ஏற பென்சில் மேலே போகும், பிஸ்டன் நகர நகர பலகை நகரும். இன்ஜின் தன் கையெழுத்தைத் தானே போட்டுது. மூலைகளெல்லாம் மழுங்கி, ஒரு கோணல் மாணலான வளையம். வாட் கம்பெனி அதைத் தொழில் ரகசியமா ரொம்ப வருஷம் பூட்டியே வெச்சிருந்தது.

அதே 1796ல் பாரிஸில் பிறந்தவர்தான் சாடி கார்னோ (நாம ‘கார்னாட்’னு சொல்றதை பிரெஞ்சுக்காரங்க கேட்டா அழுதுடுவாங்க). 1824ல், 28 வயசில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். எவ்வளவு நல்ல இன்ஜின் செஞ்சாலும் தாண்ட முடியாத ஒரு எல்லை உண்டு. அது எந்தச் சூட்டில் வாங்கி எந்தச் சூட்டில் விடுறோம்ங்கிறதை மட்டுமே பொறுத்ததுன்னு சொன்னார். அந்தக் காலத்தில் யாரும் பெரிசா கண்டுக்கலை. 1832ல், 36 வயசில் காலராவில் போயிட்டார். ரெண்டு வருஷம் கழிச்சு, 1834ல் கிளாப்பெய்ரோன்தான் கார்னோ சொன்னதை நாலு கோடு போட்ட படமா மாத்தினார். நிஜத்தோட படம் முதல்ல, கனவோட படம் அப்புறம்.

இனிமேதான் நம்ம ஹீரோ என்ட்ரி. கார்னோ படத்தைப் பார்த்து, ‘இதை அப்படியே இரும்பில் செஞ்சு காட்டுறேன்’னு கிளம்பின ஒருத்தர். ருடால்ஃப் டீசல்.

மியூனிக்கில் படிக்கும்போது டீசலுக்கு தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவர் கார்ல் ஃபான் லிண்டே. குளிர்சாதன இயந்திரங்களில் பெரிய கை. நல்ல நீராவி இன்ஜின்கூட எரிபொருளின் சூட்டில் பத்தில் ஒரு பங்கைத்தான் வேலையா மாத்துதுன்னு கிளாஸில் சொன்னார். நாமளா இருந்தா ‘சார், இது முக்கியமான கேள்வியா?’ன்னு கேட்டிருப்போம். டீசல், கார்னோ சொல்ற ஐசோதெர்மலை நிஜத்தில் செய்ய முடியுமான்னு பார்க்கணும்னு நோட்டு ஓரத்தில் குறிச்சு வெச்சுக்கிட்டார். அந்த ஓரக் குறிப்பு அவரை விடவே இல்லை.

1893 ஜனவரியில் புத்தகம் போட்டார். அதே வருஷம் பேட்டன்ட்டும் கிடைச்சது. திட்டம் என்ன? காத்தை 250 வளிமண்டல அழுத்தத்துக்கு அமுக்கணும். அமுக்கின சூட்டிலேயே எரிபொருள் பத்திக்கும். அதுக்கப்புறம் எரியும்போது சூடே ஏறக்கூடாது! பிஸ்டன் கீழே போற வேகத்துக்குத் தகுந்த மாதிரி துளித்துளியா எரிபொருளை விட்டு, வெப்பநிலையை ஒரே மட்டத்தில் பிடிச்சு வைக்கணும். கார்னோ சொன்ன ஐசோதெர்மல். எஃபிஷியன்சி 73 சதவீதம்னு கணக்கு. ஆக்ஸ்பர்க் இயந்திர ஆலையும் (இன்னிக்கு நாம மேன்னு சொல்ற கம்பெனியின் முன்னோடி) க்ருப்பும் பணம் போட முன்வந்தாங்க.

புத்தகம் வந்த சில மாசத்திலேயே டீசலுக்கு ஒரு கணக்கு இடிச்சது. என்ன கணக்குன்னு புரியணும்னா கார்னோ சைக்கிளை அளவு வெச்சு நிஜமாவே வரைஞ்சு பாருங்க. புத்தகத்தில் பார்க்க அழகா, குண்டா இருக்கிறது நம்ம புரிதலுக்காக. அளவா வரைஞ்சா ஊசி மாதிரி, ஒல்லிக்குச்சியா, வாழைத்தார் மாதிரி வளைஞ்ச ஒரு கீற்று. போற கோடும் வர்ற கோடும் ஒட்டாத குறைதான். படத்துக்கு உள்ளே இருக்கிற பரப்புதான் கிடைக்கிற வேலை. காத்தை 250 மடங்கு அமுக்க ஒரு பெரிய வேலையைச் செலவழிக்கிறோம். விரியும்போது அதைவிடக் கொஞ்சூண்டு அதிகமா திரும்ப வருது. அந்தக் கொஞ்சூண்டுதான் லாபம். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குற கனமான பிஸ்டன், கிராங்க், பேரிங்... இதோட உராய்வுக்கே அந்த லாபம் பத்தாது. அதாவது, உலகத்திலேயே சிறந்த அந்த இன்ஜின் தன்னைத்தானேகூடச் சுத்திக்காது!

கோடி ரூபாய்க்கு வியாபாரம் பண்ணி, ஆயிரம் ரூபாய் லாபம் பார்த்து, அதில் கடை வாடகை ரெண்டாயிரம் கட்டுற மாதிரி.

டீசல் என்ன செஞ்சார்? அழுத்தத்தைப் பல மடங்கு குறைச்சார். ஐசோதெர்மலைக் கைவிட்டார். சூடு ஏறினா ஏறட்டும், அழுத்தம் மாறாம எரியட்டும்னு மாத்தினார். நாம இன்னிக்கு வரையுற உச்சியில் படுக்கைக் கோடு, அப்படிக் கைவிட்டதில் வந்ததுதான். 1893 ஆகஸ்ட் 10ல் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்க மாட்டின கருவியே வெடிச்சுச் சிதறுச்சு. அப்புறம் மூணரை வருஷம் போராட்டம். 1897 பிப்ரவரி 17 அன்னிக்கு மியூனிக் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து அதிகாரபூர்வமா அளந்தார். 26.2 சதவீதம். 73 சொன்னவர் கையில் 26.2! ஆனா அன்னிக்கு உலகத்தில் வேற எந்த இன்ஜினும் அதைத் தொடலை. மியூனிக்கில் இருக்கிற ஜெர்மன் அருங்காட்சியகத்தில் அந்த இன்ஜின் இன்னும் நிக்குது.

எனக்குக் கோபம் வர்ற இடம் அடுத்தது. ‘நீ பேட்டன்ட்டில் எழுதின இன்ஜின் வேற, செஞ்சு காட்டின இன்ஜின் வேற. அப்போ இது உன் கண்டுபிடிப்பே இல்லை’ன்னு விமர்சகர்கள் வருஷக்கணக்கா அவரைத் துரத்தினாங்க. 1913ல் ‘டீசல் கட்டுக்கதை’ங்கிற அர்த்தத்தில் தலைப்பு வெச்சு ஒரு புத்தகமே வந்தது. அதே வருஷம் செப்டம்பர் 29 ராத்திரி, இங்கிலாந்துக்குப் போற ‘டிரெஸ்டன்’ கப்பலில் இருந்து டீசல் காணாமப் போனார். கடன் கழுத்தை நெரிச்சுக்கிட்டு இருந்த நேரம். சில நாள் கழிச்சுக் கடலில் ஒரு உடல் கிடைச்சது. என்ன நடந்ததுன்னு இன்னிக்கும் சர்ச்சைதான். என்னைக் கேட்டா, கார்னோவை இரும்பில் செய்ய முடியாதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சு, அதை விட்டுட்டு ஓடுற இன்ஜினைப் பண்ணினாரே, அதுதான் அவர் செஞ்ச பெரிய கண்டுபிடிப்பு.

சரி, உராய்வே இல்லாத உலோகம் கிடைச்சா? அப்பவும் கார்னோ இன்ஜினால் உங்க பைக் நகராது. சூட்டை வாங்கும்போது அடுப்பும் வாயுவும் ஒரே வெப்பநிலையில் இருக்கணும்ங்கிறது கார்னோ போடுற கண்டிஷன். ரெண்டும் ஒரே சூடுன்னா சூடு எப்படிப் பாயும்? பாயும், முடிவில்லாத நேரம் எடுத்துக்கிட்டு. எஃபிஷியன்சி முழுசு, பவர் பூஜ்யம்! வேகமா சூடு பாயணும்னா இடைவெளி விட்டாகணும். 1975ல் கர்ஸன், ஆல்பார்ன்னு ரெண்டு பேர் இதைக் கணக்காவே போட்டாங்க. அதிகபட்ச பவர் வேணும்னா எஃபிஷியன்சி எவ்வளவு இருக்கும்? அவங்க எடுத்துக்கிட்ட ஒரு உதாரணம், இங்கிலாந்தில் அப்போ ஓடிக்கிட்டிருந்த வெஸ்ட் துராக் நிலக்கரி மின்நிலையம். மேல் சூடு 565 டிகிரி, கீழ் சூடு 25 டிகிரி. கார்னோ சொல்றது 64 சதவீதம். இவங்க கணக்கு சொன்னது 40. நிஜத்தில் ஓடினது 36. ‘பாவம், 64க்கு 36தான் வாங்கியிருக்கு’ன்னு அனுதாபப்படுறவங்க, கேள்வித்தாளையே தப்பா படிக்கிறாங்க.

இதெல்லாம் பரீட்சைக்கு வேணும்னா உதவும், நிஜ வாழ்க்கையில்? எனக்கு உதவுச்சு. 2012ல்.

அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த நேரத்தை எண்ணிடலாம். ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க மாமா தக்காளி போட்டிருந்தார். இலவச மின்சாரம் இருக்கு, மோட்டார் இருக்கு, மும்முனை கரண்ட்தான் வரலை. பல வருஷமா சாக்கு போர்த்திக் கிடந்த 5 ஹெச்.பி. ஆயில் இன்ஜினைத் துடைச்சு வெளியே எடுத்தார். செப்டம்பரில் டீசலுக்கு ஒரே அடியா லிட்டருக்கு 5 ரூபாய் ஏத்தினாங்க. தக்காளி விலையோ வழக்கம்போல தரையில். லீவுக்குப் போன அன்னிக்கு, கிணத்து மேட்டில் ஒரு சேல்ஸ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையில் ரெண்டு காந்தத் துண்டு. டீசல் பைப்பில் கட்டிட்டா எரிபொருள் செலவு பாதியாகுமாம். விலை 4,500 ரூபாய். அடுத்த நடவுக்கு நாத்து வாங்க மாமா வெச்சிருந்த பணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

“மாப்ள, வா. நம்ம இன்ஜின் லிட்டருக்கு முக்கா மணி நேரம் ஓடுது. இந்தத் தம்பி ஒன்றரை மணி நேரம் ஓடும்னு சொல்லுது. உன் படிப்பு என்ன சொல்லுது?”

நான் வாயைத் திறக்கும் முன்னாடி சேல்ஸ் அண்ணன் முந்திக்கிட்டார். அவர் ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்தவர். “தம்பி இன்ஜினீயரிங்கா? ரொம்ப நல்லது. உங்க புத்தகத்திலேயே 60 சதவீதத்துக்கு மேல போட்டிருக்கு இல்ல? இங்கே வர்றது 28. மிச்சம் வீணாத்தானே போகுது? அதைத்தான் இது மிச்சம் பிடிக்குது.”

அடேங்கப்பா! ஐடியல் சைக்கிளை வெச்சு ஒருத்தர் காந்தம் விக்கிறார்!

கணக்கை மண்ணில் குச்சியால் போட்டேன். “மாமா, ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 10 யூனிட் சக்தி இருக்கு. நம்ம இன்ஜின் முழு 5 ஹெச்.பி.யையும் தருதுன்னே வைங்க. முக்கா மணி நேரத்துக்கு 2.8 யூனிட். அதான் 28 சதவீதம். ஒன்றரை மணி நேரம் ஓடணும்னா ஐந்தரை யூனிட் வரணும். 55 சதவீதம். 2006ல் எம்மா மேர்ஸ்க்னு ஒரு கப்பல் விட்டாங்க. அதோட இன்ஜின் 2,300 டன், ஒரு லட்சம் ஹெச்.பி.க்கு மேல. உலகத்திலேயே பெருசு. அதுவே 50 சதவீதத்தை ஒட்டித்தான் தொட்டுச்சு.”

“அப்ப காந்தத்தைக் கட்டினா நம்ம இன்ஜின் கப்பலை முந்திடுமா?”

“முந்திடும் மாமா. அண்ணன் கணக்குப்படி.”

(இதை எழுதும்போது கூடுதலா ஒண்ணு. 2017ல் மெர்சிடிஸ் தன் ஃபார்முலா ஒன் இன்ஜின், டெஸ்ட் பெஞ்சில் 50 சதவீதத்தைத் தாண்டிடுச்சுன்னு அறிவிச்சப்போ அதுவே உலகச் செய்தி. அதுக்கு எத்தனை கோடி, எத்தனை இன்ஜினீயர்கள்!)

சேல்ஸ் அண்ணன் விடலை. “எரியாம போற டீசலை இது எரிக்குது தம்பி, அதுதான் டெக்னாலஜி.” இதுக்கும் முகவரி இருந்தது. டீசல் இன்ஜினில் எரியாம போறது நூத்துக்கு ரெண்டு, மூணு பங்குதான். புகை கருப்பா வர்றதால நமக்குப் பெருசாத் தெரியுது. அதை மொத்தமா எரிச்சாலும் முக்கா மணி நேரத்தில் ரெண்டு நிமிஷம்கூடச் சேராது. மிச்சம் போனதெல்லாம் சுவர் வழியா, புகைச்சூடா, உராய்வா, சூடான வாயுவோட குணத்தால. பைப்பில் கட்டின காந்தம் இதில் எந்த வீட்டுக் கதவைத் தட்டும்? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி எரிபொருள் சேமிப்புக் கருவிகளை நூத்துக்கும் மேல பரிசோதிச்சிருக்கு. உருப்படியானது சொற்பம், அதுவும் துளி லாபம்தான்.

மாமாவுக்கு அமெரிக்காவெல்லாம் பத்தாது. கண்ணால் பார்க்கணும். காலி குளுக்கோஸ் பாட்டில் ஒண்ணைக் கவிழ்த்துக் கட்டி, அதோட குழாயை இன்ஜினுக்குக் கொடுத்தோம். பாட்டிலில் கோடு ஏற்கெனவே இருக்கு, லேப் பியூரெட்டைவிடத் தெளிவா! 100 மில்லி தீர 4 நிமிஷம் 30 விநாடி. காந்தத்தை அண்ணன் கையாலேயே கட்டச் சொன்னோம். 4 நிமிஷம் 28. “இன்ஜின் பழகணும்ணே, ஒரு வாரம் ஆகும்” என்றார். மாமா சிரிச்சார். “வெயில்ல வந்திருக்கீங்க தம்பி, மோர் குடிச்சிட்டுப் போங்க.” அவரும் குடிச்சிட்டு, காந்தத்தைக் கழட்டிக்கிட்டு, அடுத்த கிணத்துக்குக் கிளம்பிட்டார். அவருக்கும் டார்கெட் இருந்திருக்கும்.

அவர் போனதும் மாமா கேட்டார், “சரி மாப்ள, காந்தம் வேணாம். அந்த வீட்டு லிஸ்ட்ல நாம தட்டக்கூடிய கதவு எதாச்சும் இருக்கா?”

இருந்தது. இன்ஜெக்டரைக் கழட்டி திண்டுக்கல் கொண்டுபோனோம். நாஸில் தேய்ஞ்சு, பீச்சுறதுக்குப் பதிலா ஒழுகிக்கிட்டு இருந்தது. பொடியாத் தெறிக்கலைன்னா அந்த இரண்டரை மில்லி செகண்டில் எரிஞ்சு முடியாது. பிஸ்டன் இறங்கிக்கிட்டு இருக்கும்போதும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், அந்தச் சூடு நேரா புகைக்குழாய்க்குத்தான் போகும். நாஸில் மாத்தி, வால்வை கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு, டைமிங்கைச் சரி பண்ணினோம். எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம். மறுபடி குளுக்கோஸ் பாட்டில். 4 நிமிஷம் 55 விநாடி.

28லிருந்து 30. அவ்வளவுதான். ஆனா அந்த ரெண்டு நிஜம். தினம் ஆறு லிட்டர் ஊத்தின இடத்தில் அரை லிட்டர் மிச்சம். மாமா அதைக் காலண்டர் அட்டையில் எழுதி வெச்சார்.

அடுத்த லீவு மார்கழியில். விடியக்காலையில் இன்ஜின் சத்தம் கேட்டு கிணத்து மேட்டுக்குப் போனேன். கூலிங் வாட்டர் வெளியேறுற குழாயை மாமா கொஞ்சம் நீட்டி, ஒரு பெரிய அண்டாவில் விட்டிருந்தார். ஆவி பறந்துக்கிட்டு இருந்தது. எங்க ஹீட் பேலன்ஸ் ஷீட்டில் ‘நஷ்டம் 30 சதவீதம்’னு நான் எழுதின அதே தண்ணி. பாட்டி சொம்பால் மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டு, “நீயும் குளிச்சிடுடா, இன்ஜினை நிறுத்தினா ஆறிடும்”னாங்க.